முழங்காலில் தெரிந்த வலி

சூரமங்கலத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் எலும்பு டாக்டர் இருக்கிறார். சின்ன வயது. போன மாதம் வலது முழங்கால் வலிக்கிறது என்று அவரிடம் போயிருந்தேன். படி இறங்கும்போது இங்கேதான் பிடிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைத் தொடக்கூட இல்லை. கட்டிலில் படுக்க வைத்தார், காலை மடக்கினார், தொடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கீங்க வலிக்குது?"

"முழங்கால்லதான்."

"நான் முழங்கால ஒண்ணுமே பண்ணலீங்களே ஐயா. திருப்புனது இடுப்பு மூட்ட. தேஞ்சுபோச்சுங்க. சில பேருக்கு இடுப்புல இருக்கற நோவு முழங்கால்லதான் தெரியும்."

எனக்கு அது தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். அதை உங்களிடம் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவர் அந்தச் சோதனையைச் செய்து முடிக்க ஒரு தும்மல் போடும் நேரம்தான் ஆனது. அதுதான் என்னை வீட்டுக்கு வந்தபின்பும் விடவில்லை.

பக்கத்து அறையில் யாருக்கோ தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி எப்போது மூக்கில் ஏறினாலும் எனக்கு நாமக்கல் பக்கம் நான் வேலை பார்த்த உறைவிடப் பள்ளியின் படிப்புக் கூடம்தான் நினைவுக்கு வரும். தகரக் கூரை போட்ட பெரிய கூடம். விடியற்காலையில் எழுப்பிவிடப்பட்ட பிள்ளைகள் தூக்கம் வராமல் இருக்க நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பார்கள். வாசலில் நின்றால் கண் எரியும். இந்தப் பக்கத்தில் அப்போது தடுக்கி விழுந்தால் அப்படி ஒரு பள்ளிதான். ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதிப்பெண்ணாகத் திருப்பி வாங்கிக்கொண்டு போவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பாடம் கிடையாது. நேராகப் பத்தாம் வகுப்புப் பாடம்தான். விளையாட்டுப் பாடவேளை என்று அட்டவணையில் இருக்கும். அதைக் கணக்கு வாத்தியார் ஒரு வாரம், நான் ஒரு வாரம் என்று பங்குபோட்டுக்கொள்வோம். அதே பாடவேளையில் நான் நடத்தியது மனித உடலின் அசைவுகள். பிள்ளைகளை அசையவிடாமல் உட்கார வைத்து அசைவைப் பற்றிப் பாடம் நடத்தியது அன்றைக்கு எனக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றவில்லை.

நான் உயிரியல் ஆசிரியர். விடுதிப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. பாடம் நன்றாகவே நடத்துவேன். இந்த வயதில் பொய்யாக அடக்கம் காட்டி என்ன ஆகப்போகிறது. நாமக்கல்லில் கோழிக்கா பஞ்சம்? கறிக்கடையில் சொல்லிவைத்துக் கோழிக்கால்களைக் கழுவி வாங்கி வருவேன். வெட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு நாண் நீட்டிக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் பிடித்து இழுத்தால் செத்த கோழியின் விரல்கள் எல்லாம் ஒன்றாக மடங்கும். வகுப்பே எழுந்து நின்றுவிடும். "பாத்தீங்களா, தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். தள்ளத் தெரியாது. கையை மடக்க ஒரு தசை இழுக்கணும், நீட்ட எதிர்ப்பக்கத்துத் தசை இழுக்கணும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கணும்" என்பேன். ஆய்வகத்தில் கம்பியால் கோத்த எலும்புக்கூடு ஒன்று தொங்கும். அதன் முழங்காலை மடக்கி, "இது கீல் மூட்டு. கதவு மாதிரி. முன்னே பின்னே போகுமே ஒழியத் திரும்பாது" என்பேன். தொடையைப் பிடித்துச் சுழற்றி, "இது பந்துக்கிண்ண மூட்டு. எல்லாப் பக்கமும் திரும்பும்" என்பேன். பிள்ளைகள் எனக்கு மூட்டு வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மூட்டு வாத்தியாருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வீட்டுக்குப் போகப் பிள்ளைகள் செய்யாத தந்திரம் இல்லை. அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டால் காய்ச்சல் வரும் என்று ஒருவன் வெங்காயத்தோடு பிடிபட்டான். வயிற்றுவலி, தலைவலி, பாட்டன் சாவு எல்லாம் பழசாகிப் போய், கால்வலி புதிதாக வந்தது. கால்வலிக்கு வெப்பமானி கிடையாது அல்லவா. ஆகவே கால்வலிக்காரர்களை என்னிடம் அனுப்புவார்கள். எந்த மூட்டு, எந்தத் தசை என்று கேட்டு, உட்கார வைத்து, எழ வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே காலைக் கவனிப்பேன். நடிப்பவனுக்குப் பேச்சு சுவாரசியத்தில் நொண்டும் கால் மறந்துபோகும். அப்படிப் பலரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். தாளாளர் ஒருமுறை எல்லார் முன்னாலும், "நம்ம சாருக்கு எக்ஸ்ரே எடுக்கற மிசினே வேண்டாமுங்க" என்று சொன்னார். அந்த வார்த்தையை நான் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பூபதி ஒன்பதாம் வகுப்பு. மோகனூர்ப் பையன். அப்பா குப்புசாமி ஆற்றோரம் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கரும்பு போடுகிறவர். பையன் வந்து சேர்ந்தபோதே நல்ல சதை. விடுதிச் சோறும் உட்கார்ந்த இடமுமாக அந்த வருடம் இன்னும் பெருத்து, கூடவே உயரமும் போட்டான். மழைக்காலம் முடிகிற சமயம் முழங்கால் வலிக்கிறது என்று வந்தான். அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருந்தது. கால்வலி எல்லாருக்கும் வரும் பருவம் அது.

மேசைமேல் உட்கார வைத்துப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை, மடக்கினால் மடங்குகிறது, நீட்டினால் நீள்கிறது. எங்கே வலி என்றால் முழங்காலுக்கு மேலே உள்பக்கம் என்று உள்ளங்கையால் பொத்திக் காட்டினான். நடக்கச் சொன்னேன். இடது பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துச் சாய்ந்து சாய்ந்து நடந்தான். வகுப்பு சிரித்தது. "வாத்துடா" என்றான் ஒருவன்.

அங்கேதான் நான் என் அறிவைக் காட்டினேன். எலும்புக்கூட்டை ஆய்வகத்திலிருந்து எடுத்துவரச் சொல்லி, வகுப்புக்கு நடுவில் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பாடமே நடத்தினேன். "முழங்கால் என்ன மூட்டு?" "கீல் மூட்டு சார்." "கீல் மூட்டு பக்கவாட்டில் திரும்புமா?" "திரும்பாது சார்." "அப்ப இவன் பாதம் வெளியே திரும்புதே, எந்த மூட்டு திருப்புது?" முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "இடுப்பு மூட்டுங்க சார்" என்றாள். "சபாஷ். இவனுக்கு வலி முழங்காலில். ஆனால் திரும்புவது இடுப்பிலிருந்து. வலி ஓரிடம், நொண்டல் ஓரிடம். இதுக்கு என்ன அர்த்தம்?"

நடிப்பு சார் என்று வகுப்பே கத்தியது.

உங்களுக்குப் புரிந்திருக்கும். கோளாறு இடுப்பில் என்று அந்தப் பிள்ளைகள் வாயாலேயே வரவழைத்துவிட்டேன். அதை அவன் பொய்க்குச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். மூட்டுகளை எனக்குத் தெரியும், நரம்புகளைத் தெரியாது. இடுப்பு மூட்டுக்குக் கிளை விடுகிற நரம்பு முழங்காலுக்கும் கிளை விடுகிறது என்பது எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இல்லாதது உடம்பிலும் இருக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பூபதி எலும்புக்கூட்டின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு நெசமாலுமே வலிக்குதுங்க சார்" என்று போகும்போது மெதுவாகச் சொன்னான். "பரீட்சை முடிஞ்சா செரியாயிரும், போ" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெற்றோர் வந்து பார்க்கும் நாள். மைதானத்தில் வேப்பமரங்களுக்குக் கீழே போர்வையை விரித்து, தூக்குப்போசியைத் திறந்து, கறிக்குழம்பும் சோறும் பிசைந்து பிள்ளைகளுக்குப் போடுவார்கள். விளையாடாத அந்த மைதானம் அன்றைக்கு மட்டும் மைதானமாக இருக்கும். குப்புசாமி தனியாக வந்திருந்தார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார்.

"வாத்தியாருங்க, பையன் கால ஊனவே மாட்டேங்கறானுங்களே. ஒரு எட்டு சேலத்துக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வந்தர்ட்டுங்களா?"

"பரீட்சை நேரம்ங்க. நான் பாத்துட்டேன். காலில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தே கிடந்து சோம்பேறித்தனம் பிடிச்சிருக்கு, வீட்டு ஞாபகம் வேற."

"அப்படிங்களா." அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததைப் பார்த்தேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று கேட்கத்தானே வந்திருக்கிறார்.

அதோடு விட்டிருக்கலாம். நான் மருந்தும் சொன்னேன். "இன்னைக்கு வெளியே கூட்டிட்டுப் போக அனுமதி தர்றேன். டவுனுக்குப் போய் மலைமேல ஏத்திக் கூட்டிட்டு வாங்க. அழுதா விட்றாதீங்க. ஒரு தடவை மேலே ஏறிட்டான்னா இந்த நடிப்பெல்லாம் தானா போயிரும். தசை என்பது வேலை கொடுத்தாத்தான் ஒழுங்கா இருக்கும்." அப்புறம், யோசித்து, இன்னொன்றும் சொன்னேன். "நான் சொன்னேன்னு பையன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு அவன் என் முகத்தில் முழிச்சுப் படிக்கணும். நீங்களா கூட்டிட்டுப் போற மாதிரியே இருக்கட்டும்."

"செரிங்க. நான் ஏனுங்க சொல்றேன்" என்றார்.

நாமக்கல் மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே பாறை. படி செதுக்கியிருப்பார்கள். ஓடி ஏறும் பிள்ளைகளுக்கு அது ஒரு மலையே அல்ல. பாதி ஏறுவதற்குள் பூபதி விழுந்தான். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். எனக்குத் தகவல் வந்தபோது அவர்கள் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தார்கள். விடுதிப் பொறுப்பு என்னுடையது என்பதால் நான்தான் போனேன்.

அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். வளரும் வயதில் தொடை எலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் இடையில் குருத்தெலும்பால் ஆன ஒரு தட்டு இருக்கும். உடம்பு வேகமாகப் பெருக்கிற பையன்களுக்குச் சிலசமயம் அந்தத் தட்டில் பிடிப்பு விட்டு, தலை கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கால் தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். வலி முழங்காலில்தான் தெரியும். "ரெண்டு மாசமா நழுவிட்டு இருந்திருக்கு. அப்பவே வந்திருந்தா ஒரு ஸ்க்ரூவோட போயிருக்கும். இன்னைக்கு ஒரேயடியா விலகிருச்சு. எலும்புத் தலைக்குப் போற ரத்தம் நின்னிருந்தா அந்த எலும்பு செத்துப்போகும். யாருங்க இவன மலையேத்துனது?" என்று கேட்டார்.

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வந்தேன்.

பூபதியின் அம்மா அப்போதுதான் மோகனூரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார். கேள்வி காதில் விழுந்ததும் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நொண்டீட்டு இருக்கற புள்ளயக் கொண்டு போயி மலையேத்துனயா? மாட்டக்கூட ஓய்வுல கட்டுவியே, நீயெல்லாம் பெத்தவனா?" என்று தாழ்வாரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்க்க உலுக்கினார். குப்புசாமி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. சொல்லட்டுங்களா என்று அனுமதி கேட்கிற மாதிரி, அல்லது நீங்களே சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரி. நான் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க வேண்டியது எதுவும் மிச்சம் இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "ஆமா புள்ள. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றார்.

தொடை எலும்பின் தலை செத்துத்தான் போனது. கால் குட்டையாயிற்று. பூபதி எங்கள் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. பள்ளியில், தகப்பன் வெளியே கூட்டிக்கொண்டு போன இடத்தில் விழுந்துவிட்டான் என்று முடிந்தது. அதுவும் உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடமும் கோழிக்கால் வாங்கினேன், நாணை இழுத்தேன், பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். மோகனூர் வழியாக எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன். இறங்கியதில்லை.

டாக்டர் என் காலைத் திருப்பிய அந்த வாரம் இறங்கினேன். இந்தக் கால் இன்னும் கொஞ்ச நாளில் படி ஏறவிடாது என்பதும் ஒரு காரணம். போகும் வழியில் பழைய பள்ளியைப் பார்த்தேன். மருத்துவப் படிப்புக்கு வேறு தேர்வு வந்தபின் பிள்ளைகள் வருவது குறைந்து, மூடி, இப்போது முட்டைக் கிடங்கு. படிப்புக் கூடத்துக்குள் லாரி பின்பக்கமாகப் போய் நிற்கிறது. வேப்பமரங்களை வெட்டிவிட்டார்கள், லாரி திரும்ப இடம் வேண்டுமே.

பூபதி வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் எடுத்து, ஆதார் திருத்தம், பட்டா விண்ணப்பம் எல்லாம் போட்டுக் கொடுக்கிறார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. பார்த்ததும் எழுந்தார். "மூட்டு வாத்தியாருங்களா? வாங்க சார், வாங்க. தடியெல்லாம் வந்துருச்சுங்களே" என்று சிரித்து நாற்காலி போட்டார். சில வருடங்களுக்கு முன்னால் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டாராம். சாய்வு கொஞ்சம்தான் தெரிந்தது. அம்மா முன்னாலேயே போய்விட்டார், அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது என்றார். நான் தொடங்குவதற்குள் அவரே பேசினார்.

"உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க சார். நீங்க டாக்டருங்களா? அப்ப வயித்தெரிச்சலா இருந்துது, அப்பறம் போயிருச்சு. ஆனா பெத்தவருக்குத் தெரிய வேண்டாமுங்களா? பாதி மலைல உக்காந்து அழுதேன். 'இன்னங் கொஞ்சந்தான் சாமி, ஏறுனா செரியாயிரும்'னு கைய நீட்டுனாரு. அவரு கையப் புடிச்சுட்டேதானுங்க உழுந்தேன். அதுக்கப்பறம் நான் அவருகூடப் பேசவே இல்ல."

"கோபத்தில் கொஞ்ச நாளா?"

"கடசி வரைக்குமுங்க. ஒரே ஊட்டுலதான் இருந்தோம். அம்மா இருக்கற வரைக்கும் அம்மா மூலமாப் பேச்சு. அம்மா போனதுக்கப்பறம் சோத்த வெச்சுட்டு டம்ளரத் தட்டுவாரு. நான் போயி உக்காந்துக்குவேன்."

உள்ளே நடையில் சுவர் ஓரமாக, குளியலறைவரைக்கும், இடுப்பு உயரத்தில் வரிசையாகச் சிமெண்ட் பூச்சுத் திட்டுகள் தெரிந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா அடிச்ச கொழாய் இருந்த எடமுங்க. லாரிக்குப் பாடி கட்டற பட்டறைல, கிளீனர் புடிச்சு ஏற வெப்பாங்களே, அந்தக் கொழாய வாங்கியாந்து எனக்குப் புடிச்சு நடக்க அடிச்சாரு. மூட்டு மாத்துனதுக்கப்பறம் தேவைப்படல. போன பொங்கலுக்குப் பெயிண்ட் அடிக்கறப்பக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்" என்றார்.

நான் சொன்னேன். வேப்பமரத்தடியில் என்ன பேசினேன் என்பதை, யார் மலையேற்றச் சொன்னது என்பதை, யார் பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன் என்பதை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். நடுவில் ஒருவர் ரேஷன் அட்டையோடு வந்தார். பூபதி எழுந்து இரண்டு பக்கமும் நகல் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சொல்ல வேண்டாம்னு நீங்க சொன்னீங்களா?"

"ஆமாம்."

"அவரு செரின்னாரா?"

"ஆமாம்."

"எங்கம்மா சாகற வரைக்கும் அந்த ஒண்ணச் சொல்லித்தானுங்க அவரத் திட்டுச்சு. அப்பக்கூட அவரு வாயத் தொறக்கல." ஜெராக்ஸ் எந்திரத்தின் மூடியைத் தூக்கி, மறுபடி மூடினார். "நீங்க மலையேத்தச் சொன்னதக்கூட உடுங்க சார். தெரியாமச் சொல்லீட்டீங்க. அவரு இருக்கறப்ப ஒரு நாள் வந்திருக்கலாமுங்க. ஒரே ஒரு நாள்."

மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதை அங்கே எடுக்கவே வெட்கமாக இருந்தது.

அவர் எழுந்து, "பஸ்ஸு வர்ற நேரமுங்க, பாத்துப் போங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். பழக்கத்தில் கை தானாகச் சுவர்ப்பக்கம் உயர்ந்தது. முதல் சிமெண்ட் திட்டின்மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.